கல்லூரியில் யாரும் பசியோடு உட்காராதிருக்க: வளாகமே சேர்ந்து உணவளிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

தமிழ்நாட்டில் ஓர் ஏழைக் குழந்தைக்கு அங்கன்வாடியில் தொடங்கிப் பத்தாம் வகுப்பு வரை பொதுச் செலவில் ஒரு வேளைச் சோறு கிடைக்கிறது. 1956இல் காமராசர் ஆட்சியில் பள்ளிகளில் தொடங்கிய மதிய உணவு, 1982இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவுத் திட்டமாக விரிந்தது. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கப்பட்ட காலை உணவுத் திட்டம், தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் வெறும் வயிற்றோடு வகுப்பில் உட்காரும் நிலையையும் மாற்றியது. அதே பிள்ளை பிளஸ் டூ முடித்து, குடும்பத்தில் முதல் ஆளாக அரசு கலை அறிவியல் கல்லூரியில் சேரும்போது அந்தத் தட்டு அங்கே இல்லை. விடுதியில் இடம் கிடைத்தவர்களுக்குச் சாப்பாடு உண்டு. வீட்டிலிருந்து பேருந்தில் வந்து போகிறவர்களுக்கும், நான்கைந்து பேராகச் சேர்ந்து அறை எடுத்துத் தங்கியிருப்பவர்களுக்கும் கல்லூரி தருவது பாடமும் தேர்வும் மட்டுமே.

இந்த வழிகாட்டி, அரசு மற்றும் அரசு உதவிபெறும் கல்லூரிகளின் ஆசிரியர்கள், நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள், முன்னாள் மாணவர்கள், பெற்றோர் ஆசிரியர் கழகத்தினர் ஆகியோருக்காக எழுதப்பட்டது. இதிலுள்ள எல்லாப் படிகளுக்கும் அடிப்படை ஒன்றே: ஒரு மாணவர் தன் வறுமையை யாரிடமும் மெய்ப்பிக்காமல் சாப்பிட முடிய வேண்டும். பதினெட்டு வயதுப் பிள்ளை பசியைப் பொறுத்துக்கொள்ளும். உடன் படிப்பவர்கள் முன்னால் ஏழையாக அடையாளம் காணப்படுவதைப் பொறுத்துக்கொள்ளாது. இதை மறந்து வடிவமைக்கப்படும் எந்த உணவுத் திட்டத்திலும் சோறு மீந்துபோகும், பசியும் அப்படியே இருக்கும்.

முதல் படி: பசி எந்த நேரத்தில், யாரிடம் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

காலை எட்டரை மணிக்கோ ஒன்பது மணிக்கோ தொடங்கும் கல்லூரிக்கு முப்பது, நாற்பது கிலோமீட்டர் தொலைவிலுள்ள கிராமத்திலிருந்து வரும் மாணவி, விடியற்காலை வரும் முதல் பேருந்தைப் பிடித்தாக வேண்டும். அவளுடைய தாய் நூறு நாள் வேலைக்கோ, கட்டட வேலைக்கோ, பூப்பறிக்கவோ அதற்கு முன்பே கிளம்பியிருப்பார். வீட்டில் அரிசி இல்லாமல் இருக்காது, நியாய விலைக் கடை அரிசி இருக்கும். அந்த நேரத்தில் சமைக்க ஆள்தான் இருக்காது. இரவில் ஓட்டலிலோ பெட்ரோல் பங்கிலோ சமையல் ஒப்பந்தக்காரரிடமோ வேலை பார்த்துவிட்டு வரும் மாணவரின் நிலை வேறு. அவர் விடியும்வரை விழித்திருந்து, இரண்டு மணி நேரம் தூங்கி, தேநீர் ஒன்றை மட்டும் குடித்துவிட்டு வகுப்புக்கு வருகிறார். அறை எடுத்துத் தங்கியிருப்பவர்களுக்கு மாதக் கடைசியில்தான் நெருக்கடி. தேர்வுக் கட்டணம் கட்ட வேண்டிய மாதத்தில் அது மாதத்தின் நடுவிலேயே வந்துவிடும், ஏனெனில் கட்டணத்துக்கான பணம் சாப்பாட்டுப் பணத்திலிருந்துதான் எடுக்கப்படுகிறது.

பலரும் கவனிக்கத் தவறும் இன்னும் இரண்டு காலங்கள் உள்ளன. கல்லூரி திறந்து வகுப்புகள் தொடங்கிய பிறகும் நலத்துறை விடுதிகளில் புதிய மாணவர் சேர்க்கை முடியச் சில வாரங்கள் ஆவது பல ஊர்களில் வழக்கம்; முதலாமாண்டுப் பிள்ளைகள் அந்த இடைவெளியில் உறவினர் வீட்டிலோ நண்பர் அறையிலோ ஒண்டிக்கொண்டிருப்பார்கள். பருவத் தேர்வுகள் இன்னும் மீதமிருக்கையில் விடுதிச் சமையலறை விடுமுறைக்காக மூடப்படும் நாட்கள் இரண்டாவது இடைவெளி. உங்கள் கல்லூரியின் நாட்காட்டியை எடுத்து, இந்த நாட்களை எல்லோருக்கும் முன்பாக வட்டமிட்டு வையுங்கள். உங்களிடம் உள்ள பணம் ஒரு மாதத்துக்கே போதுமானதாக இருந்தால், அதைச் செலவிட வேண்டிய மாதம் எது என்பதை அந்த வட்டங்கள் சொல்லும்.

இரண்டாம் படி: பெயர் கேட்காத கணக்கெடுப்பு

கல்லூரி முதல்வரும் ஆசிரியர் மன்றமும் முதலில் கேட்கும் கேள்வி, “எத்தனை பேர்?” என்பதாகவே இருக்கும். அதற்கு ஊகத்தால் பதில் சொல்லாமல் எண்ணிக்கையோடு போக வேண்டும். ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை அமைப்பு, உலகெங்கும் பயன்படும்படி எட்டுக் கேள்விகள் கொண்ட ஓர் அளவுகோலை உருவாக்கியுள்ளது. சாப்பாட்டுக்கு வழியில்லாமல் போய்விடுமோ என்ற கவலையில் தொடங்கி, சத்தான உணவு கிடைக்காமை, ஒரே வகை உணவை உண்ண நேர்ந்தமை, ஒரு வேளையைத் தவிர்த்தமை, குறைவாக உண்டமை, வீட்டில் உணவு தீர்ந்துபோனமை, பசித்தும் உண்ணாமை, ஒரு நாள் முழுதும் உண்ணாமை என்று அந்தக் கேள்விகள் படிப்படியாகக் கடுமையாகும். ஒவ்வொன்றும் “பணமோ வேறு வசதியோ இல்லாததால்” என்ற நிபந்தனையோடு கேட்கப்படுவதால், விரதம் இருந்தவரும் உடல் இளைக்கச் சாப்பாட்டைக் குறைத்தவரும் கணக்கில் சேரமாட்டார்கள். அந்த எட்டுக் கேள்விகளை எளிய தமிழில், கடந்த முப்பது நாட்களுக்குப் பொருந்துமாறு எழுதி, அவற்றோடு மூன்று கேள்விகளை மட்டும் சேருங்கள்: எங்கே தங்கியிருக்கிறீர்கள், கல்லூரிக்கு வந்து சேர எவ்வளவு நேரமாகிறது, எந்த வேளை உணவு பெரும்பாலும் விடுபடுகிறது.

கணக்கெடுப்பைக் கைப்பேசி வழியாக நடத்த வேண்டாம். மின்னஞ்சலோ எண்ணோ பதிவாகும் எந்தப் படிவத்திலும் பிள்ளைகள் உண்மையை எழுதத் தயங்குவார்கள். அச்சிட்ட தாளை வகுப்பில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் கொடுத்து, பெயரும் பதிவு எண்ணும் எழுத வேண்டாம் என்று சொல்லி, மடித்துப் பெட்டியில் போடச் செய்யுங்கள். அந்த நேரத்தில் ஆசிரியர் வரிசைகளுக்கிடையே நடக்காமல் வாசலருகே நிற்பது நல்லது. மாத முதல் வாரத்தில் கேட்டால் பசி குறைவாகத் தெரியும் என்பதால் கடைசி வாரத்தில் கேளுங்கள். தாள்களை எண்ணி முடித்ததும், மொத்த எண்ணிக்கையை மட்டும் குறித்துக்கொண்டு, தாள்களை அழித்துவிடுங்கள்.

மூன்றாம் படி: சிறிய குழு, முறையான கணக்கு

ஏழெட்டுப் பேருக்கு மேல் குழு வேண்டாம். நாட்டு நலப்பணித் திட்ட அலுவலர், உடற்கல்வி இயக்குநர், நூலகர், அலுவலகத்தில் கல்வி உதவித்தொகைக் கோப்புகளைப் பார்க்கும் ஊழியர், உணவகம் நடத்துபவர், இரண்டு மூன்று மாணவ மாணவியர் என்று அமைந்தால் போதும். உடற்கல்வி இயக்குநரைச் சொல்வதற்குக் காரணம் உண்டு: காலையில் மயங்கி விழும் பிள்ளைகளை முதலில் தூக்குபவர் அவர்தான். யார் மதிய இடைவேளையில் சாப்பாட்டு மரத்தடிக்குப் போகாமல் வாசிப்பறையில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது நூலகருக்குத் தெரியும். துப்புரவுப் பணியாளர்களுக்கு இவர்கள் இருவரையும்விட அதிகம் தெரியும். அவர்களில் ஒருவரைக் குழுவில் சேர்ப்பதை நான் வலியுறுத்துவேன். மாணவர் உறுப்பினர்களில் ஒருவராவது பசியை அறிந்தவராக இருக்க வேண்டும், ஆனால் அதை அவர் குழுவில் அறிவிக்க வேண்டிய கட்டாயம் இருக்கக் கூடாது.

பணத்தைத் தொடும் முன் ஒரு சட்ட நுணுக்கத்தைக் கவனியுங்கள். அரசு ஊழியர்கள் முன் அனுமதியின்றி நன்கொடை திரட்டுவதைத் தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள் தடுக்கின்றன. ஆகவே அரசுக் கல்லூரி ஆசிரியர் தன் பெயரிலுள்ள வங்கிக் கணக்கிலோ கைப்பேசிச் செயலியிலோ வெளியாரிடம் பணம் வாங்கக் கூடாது; நல்ல எண்ணத்தோடு செய்தாலும் பின்னால் சிக்கல் வரும். பெற்றோர் ஆசிரியர் கழகம் அல்லது சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் பதிவான முன்னாள் மாணவர் சங்கம் வழியாகத் தனிக் கணக்கு தொடங்கி, இருவர் கையெழுத்திட்டால் மட்டுமே பணம் எடுக்க முடியும்படி வையுங்கள். முதல்வரின் எழுத்துப்பூர்வ அனுமதியைக் கோப்பில் சேருங்கள். முதல்வர் மாற்றலாகிப் போனாலும் திட்டம் நிற்காமலிருக்க அந்த ஒரு தாள் உதவும்.

நான்காம் படி: சோறு போடும் முன், வரவேண்டிய பணத்தை வரவழையுங்கள்

கல்லூரிக்குள் இருக்கும் பசியில் ஒரு பகுதி, மாணவருக்கு உரிய உதவி வந்து சேராததால் ஏற்படுவது. அரசுப் பள்ளிகளில் 6 முதல் 12ஆம் வகுப்பு வரை படித்து உயர்கல்விக்கு வரும் மாணவியருக்கு மாதம் ரூ.1,000 தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரிலும், மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டிலும் தொடங்கப்பட்டன. அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் இந்த உதவி உண்டு. மாதம் ஆயிரம் ரூபாய் என்பது கல்லூரி உணவகத்தில் ஏறக்குறைய ஒரு மாத மதியச் சாப்பாடு. அந்தப் பணம் வராமல் நிற்பதற்குப் பெரும்பாலும் காரணம், ஆதார் எண் வங்கிக் கணக்கோடு இணையாதது, பள்ளிச் சான்றிலும் ஆதாரிலும் பெயரெழுத்து வேறுபடுவது, நெடுநாள் பயன்படுத்தாததால் கணக்கு முடங்கியிருப்பது போன்ற சிறு கோளாறுகளே. ஆதிதிராவிடர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோர் நல உதவித்தொகைகளிலும் இதே கதைதான்: வருமானச் சான்று காலாவதியாகியிருக்கும், அல்லது விண்ணப்பத்தின் கடைசி நாள் தெரியாமலே கடந்துபோயிருக்கும்.

வாரத்தில் ஒரு மதியம், நூலகத்தில் ஒரு மேசை போட்டு, இணையத்தில் விண்ணப்பிக்கத் தெரிந்த இரண்டு மூத்த மாணவர்களை உட்கார வையுங்கள். “உதவித்தொகை உதவி மேசை” என்று எழுதி வைத்தால் போதும். சாப்பாடு, வறுமை என்ற எந்தச் சொல்லும் அங்கே வேண்டாம். வங்கி மேலாளரைப் பருவத்துக்கு ஒரு முறை கல்லூரிக்கே அழைத்து ஆதார் இணைப்பு முகாம் நடத்தலாம். விடுதியில் காலியிடம் இருக்கிறதா என்று விடுதிக் காப்பாளரிடம் மாதந்தோறும் கேட்டறிந்து, கல்லூரியிலேயே அறிவிக்க வேண்டும், ஏனெனில் நடு ஆண்டில் இடம் காலியாவது பிள்ளைகளுக்குத் தெரிவதில்லை. சென்னை போன்ற நகரங்களில், 2013இல் தொடங்கப்பட்ட அம்மா உணவகம் ஒன்று கல்லூரிக்குப் பக்கத்தில் இருந்தால், அதன் இடத்தையும் நேரத்தையும் புதுமுக நிகழ்ச்சியில் எல்லோருக்குமான தகவலாகச் சொல்லுங்கள்.

ஐந்தாம் படி: வழங்கும் முறையைத் தேர்ந்தெடுங்கள்

இதுதான் மிகவும் யோசிக்க வேண்டிய இடம்.

உணவகம் இருக்கும் கல்லூரிகளுக்கு நான் முதலில் பரிந்துரைப்பது டோக்கன் முறை. இதில் வெற்றிக்கு ஒரே நிபந்தனை, பணம் கொடுத்து வாங்கிய டோக்கனும் நன்கொடை டோக்கனும் பார்வைக்கு ஒன்றாகவே இருக்க வேண்டும் என்பது. ஒரே நிறம், ஒரே அச்சு, ஒரே வரிசை, ஒரே தட்டு. உணவகத்தில் எல்லோரும் டோக்கன் வாங்கித்தான் சாப்பிட வேண்டும் என்ற பொது விதியை முதலில் கொண்டு வாருங்கள். அது பழகிய பிறகு நன்கொடை டோக்கன்களைச் சேருங்கள். நன்கொடை டோக்கன்களை எங்கே வைப்பது? அலுவலகத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுக்கும் ஏற்பாடு மாணவர்களை விரட்டிவிடும். நூலகத்தின் உள்ளே, யாரும் நின்று பார்க்காத ஒரு மூலையில், ஐந்து டோக்கன்கள் கொண்ட உறைகளைப் பெட்டியில் வைத்து, வேண்டுவோர் எடுத்துக்கொள்ளலாம் என்று எழுதிவையுங்கள். “தேவையில்லாதவர்களும் எடுப்பார்களே” என்று குழுவில் ஒருவர் கட்டாயம் கேட்பார். சிலர் எடுக்கத்தான் செய்வார்கள். அவர்களைத் தடுக்க ஒரு காவலரை நிறுத்தினால், தேவையுள்ளவர் அந்தப் பக்கமே வரமாட்டார். அந்த இழப்பு பெரிது, எனவே சிறு கசிவை ஏற்றுக்கொள்ளுங்கள்.

செலவை ஒரு எடுத்துக்காட்டாகப் பார்க்கலாம். ஒரு கலவைச் சாதம் ரூ.35 என்றால், நாளொன்றுக்கு 40 டோக்கன்களுக்கு ரூ.1,400, மாதத்தில் 22 வேலை நாட்களுக்கு ரூ.30,800. ஐம்பது ஆசிரியர்கள் ஆளுக்கு ரூ.300, எண்பது முன்னாள் மாணவர்கள் ஆளுக்கு ரூ.200 கொடுத்தால் ரூ.31,000 சேர்ந்துவிடும். பெரிய புரவலர் ஒருவரை நம்பியிருப்பதைவிட இத்தகைய சிறு மாதச் சந்தாக்கள் உறுதியானவை, ஏனெனில் பத்துப் பேர் நிறுத்திக்கொண்டாலும் திட்டம் நிற்காது. சம்பள நாளை அடுத்த இரண்டு நாட்களுக்குள் பணம் தானாகக் கணக்குக்கு வருமாறு வங்கியில் நிலையான ஆணை கொடுக்கச் சொல்லுங்கள். மாதந்தோறும் நினைவூட்டிக் கேட்டு வாங்கும் வேலை குழுவைச் சோர்வடையச் செய்துவிடும்.

உணவகமே இல்லாத கல்லூரிகள், குறிப்பாகப் புதிதாகத் தொடங்கப்பட்டவை, காலைச் சிற்றுணவிலிருந்து தொடங்கலாம். இதற்குப் பெரிய சமையலறை வேண்டாம். முந்தின இரவு ஊறவைத்து வேகவைத்த கொண்டைக்கடலைச் சுண்டல், அவித்த முட்டை, வாழைப்பழம், கேழ்வரகுக் கூழ், வேர்க்கடலை உருண்டை என்று மாற்றி மாற்றிக் கொடுக்கலாம். நூறு பேருக்குச் சுண்டல் என்றால் ஆளுக்கு 40 கிராம் வீதம் 4 கிலோ கடலை போதும். ஒவ்வொருவருக்கும் ஏறத்தாழ 8 கிராம் புரதம் கிடைக்கும், ஒரு முட்டை சேர்ந்தால் இன்னும் 6 கிராம். தேசிய குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்றின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இரத்தசோகை இருக்கிறது. எனவே வயிறு நிறைந்தால் போதும் என்று நின்றுவிடாமல், முருங்கைக்கீரை, கடலை, முட்டை ஆகியவற்றைப் பட்டியலில் நிலையாக வைத்து, சுண்டலில் எலுமிச்சை பிழிந்து கொடுங்கள். அதிலுள்ள வைட்டமின் சி இரும்புச்சத்தை உடல் ஏற்க உதவும். சாப்பிட்ட கையோடு தேநீர் கொடுக்கும் பழக்கத்தைத் தவிர்க்கலாம், அது இரும்புச்சத்து சேர்வதைக் குறைக்கும்.

காலைச் சிற்றுணவைக் கல்லூரி வாயிலுக்குள் நுழைந்ததும் எல்லோர் கண்ணிலும் படுகிற இடத்தில், எல்லோருக்குமாக வையுங்கள். ஆசிரியர்களும் அதே சுண்டலை எடுத்துச் சாப்பிட்டுக்கொண்டே வகுப்புக்குப் போகட்டும். அப்படிச் செய்தால் அது ஏழைகளுக்கான வரிசையாக மாறாது.

முழு மதிய உணவைக் கல்லூரியே சமைக்க விரும்பினால், அருகிலுள்ள மகளிர் சுய உதவிக் குழுவிடம் பேசுங்கள். பள்ளிகளின் காலை உணவைச் சமைப்பவர்கள் இத்தகைய குழுக்களைச் சேர்ந்த பெண்கள்தான்; பெரிய அளவில் சமைக்கும் பழக்கமும் சுகாதாரப் பயிற்சியும் அவர்களுக்கு உண்டு. நூறு மாணவர்களுக்கு ஆளுக்கு 150 கிராம் வீதம் 15 கிலோ அரிசி, சாம்பாருக்கு இரண்டரை முதல் மூன்று கிலோ துவரம் பருப்பு என்று கணக்கிட்டுத் தொடங்கி, முதல் வாரத்தில் மீந்ததையும் போதாததையும் பார்த்துத் திருத்திக்கொள்ளுங்கள். காய்கறியை உழவர் சந்தையில் வாங்கலாம். சந்தை முடியும் நேரத்தில் விலை இறங்கும், ஆனால் அப்போது கீரை வாடியிருக்கும்.

அறை எடுத்துச் சமைத்துக்கொள்ளும் மாணவர்களுக்குச் சமைத்த உணவைவிட மளிகைப் பொருட்களே பயன்படும். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் 1993இலேயே மாணவர்கள் தங்களுக்காகத் தாங்களே ஓர் உணவு வங்கி தொடங்கினார்கள். பிறகு அந்த நாட்டின் நூற்றுக்கணக்கான கல்லூரிகளில் அந்த முறை பரவியது. நம் சூழலில் அதற்கு ஓர் அலமாரி போதும்: அரிசி, பருப்பு, ரவை, எண்ணெய், மிளகாய்த்தூள், உப்பு ஆகியவை ஒரு வாரத்துக்கு இருவருக்கு ஆகும் அளவில் பொட்டலமாக. இருவருக்கு ஒரு பொட்டலம், நால்வருக்கு இரண்டு என்று அறைக் கணக்கில் எடுத்துக்கொள்ளச் சொன்னால், கேட்கும் கூச்சம் நான்கு பேருக்கிடையே பகிரப்பட்டு இலேசாகிவிடும்.

ஆறாம் படி: உணவின் பாதுகாப்பில் விட்டுக்கொடுக்காதீர்கள்

ஒரே ஒரு நாள் நஞ்சான உணவால் பத்துப் பேர் மருத்துவமனைக்குப் போனால், திட்டம் அன்றோடு முடிந்துவிடும். கல்லூரியில் தொடர்ந்து உணவு வழங்குவதாக இருந்தால், மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் பதிவு செய்துகொள்ளுங்கள். அந்த அலுவலர்களை ஒரு முறை அழைத்துச் சமைப்பவர்களுக்குப் பயிற்சி தரச் சொல்லலாம்.

அன்றாட விதிகள் எளியவை. சூடான உணவு பரிமாறி முடியும்வரை 60 டிகிரி செல்சியசுக்கு மேல் இருக்க வேண்டும். மூடியைத் திறந்தால் ஆவி பறக்க வேண்டும் என்று சமைப்பவர்களுக்குச் சொல்லிவையுங்கள், ஓர் உணவு வெப்பமானியும் வாங்கி வையுங்கள். சமைத்த உணவு அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தால் கொடுக்க வேண்டாம். சோற்றில் இது இன்னும் முக்கியம்: அரிசியில் இருக்கக்கூடிய ஒருவகைப் பாக்டீரியாவின் வித்துகள் கொதியிலும் சாகாமல் பிழைத்து, சோறு ஆறிக் கிடக்கும்போது பெருகி நஞ்சை உண்டாக்கும், மறுபடி சூடாக்கினாலும் அந்த நஞ்சு அழியாது. தேங்காய் சேர்த்த சட்னியும் சாதமும் கோடையில் விரைவில் கெடும், ஆகவே சித்திரை, வைகாசித் தேர்வு நாட்களில் எலுமிச்சைச் சாதம், புளிச் சாதம் பாதுகாப்பானவை. காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ உள்ளவர் அன்று சமையலறைக்கு வரக் கூடாது, ஆனால் அதற்காக அவர் கூலியைப் பிடிக்காதீர்கள்; பிடித்தால் அடுத்த முறை நோயை மறைப்பார்.

கல்யாண மண்டபங்களில் மீந்த உணவை வாங்கி வரலாமா என்ற கேள்வி அடிக்கடி எழுகிறது. உபரி உணவைச் சேகரித்து வழங்குவதற்கு 2019இல் தனி விதிமுறைகள் வந்துள்ளன. பரிமாறப்படாத, மூடி வைக்கப்பட்ட உணவை, குறிப்பிட்ட வெப்பத்தில், சமைத்த நேரம் எழுதிக் கொண்டுவர முடிந்தால் சட்டம் தடுப்பதில்லை. இருந்தாலும் இதை ஒரு திட்டத்தின் அடித்தளமாக ஆக்க வேண்டாம் என்பதே என் கருத்து. முகூர்த்த நாளில் மலைபோல் வந்து, அடுத்த பத்து நாள் ஒன்றுமில்லாமல் போகும் உணவை நம்பி யாரும் படிக்க முடியாது. மீந்ததைத் தருகிறார்கள் என்ற எண்ணம் ஒரு மாணவரின் மனத்தில் விழுந்தால் அதை எளிதில் அகற்றவும் முடியாது.

ஏழாம் படி: மானத்தைக் காக்கும் விதிகளை எழுத்தில் வையுங்கள்

சாப்பிடுகிறவர்களைப் படம் எடுக்கக் கூடாது. இது முதல் விதி, விலக்கில்லாதது. நன்கொடையாளர் தன் பிறந்தநாளுக்கு உணவளித்து, பிள்ளைகளுக்குக் கொடுப்பதுபோல் படம் வேண்டும் என்று கேட்டால், சமைக்கும் அண்டாவையும் கணக்குப் பலகையையும் படமெடுத்துத் தரலாம், சாப்பிடும் முகங்களை அல்ல. அன்று அவரையும் வரிசையில் நின்று சாப்பிட அழையுங்கள். பெரும்பாலானோர் மகிழ்ச்சியோடு வருவார்கள். வர மறுத்து நன்கொடையைத் திரும்பப் பெறுகிறவரின் பணம் இல்லாமலும் சமாளிக்கலாம்.

யார் சமைத்தது, யார் பரிமாறுகிறார்கள், யார் பக்கத்தில் யார் உட்காருவது என்பதில் சாதி தலைகாட்டும் என்பதைத் தெரிந்தே தொடங்குங்கள். சமையலர் ஒருவரின் சாதியைக் காரணம் காட்டி முணுமுணுப்பு வந்தால், அவரை மாற்றிச் சமாதானம் செய்வது திட்டத்தையே கெடுக்கும். முதல்வரும் மூத்த பேராசிரியர்களும் அன்று அவர் கையால் வாங்கி, எல்லோரும் பார்க்க உட்கார்ந்து சாப்பிட வேண்டும். அதன் பிறகும் தொடர்ந்தால் அது தீண்டாமைக் குற்றம் என்பதைத் தயக்கமின்றிச் சொல்லிவிடுங்கள். முட்டை சாப்பிடாதவருக்கு வாழைப்பழம், ரமலான் மாதத்தில் நோன்பிருப்பவருக்கு மாலையில் எடுத்துச் செல்லும்படி பொட்டலம் ஆகியவற்றைக் கேட்காமலே ஏற்பாடு செய்துவிடுங்கள்.

ஆசிரியர்களுக்கு ஒரு குறிப்பு. தமிழ்நாட்டில் “சாப்பிட்டியாப்பா?” என்று எல்லோரும் எல்லோரையும் கேட்கிறோம், பதிலும் “சாப்டேன் சார்” என்று தானாக வந்துவிடும். அந்தப் பதிலை நம்பாதீர்கள். முதல் மணி நேரத்தில் மேசைமேல் தலை சாய்ப்பது, மதியம் எப்போதும் காணாமல் போவது, சுற்றுலாவுக்கும் துறை விழாவுக்கும் ஒவ்வொரு முறையும் ஏதோ காரணம் சொல்லி விலகுவது, எரிச்சல், திடீரென்று வருகை குறைவது என்பவை கவனிக்க வேண்டிய அறிகுறிகள். கவனித்ததும் வகுப்பில் எதுவும் கேட்க வேண்டாம். தனியே, வேறு வேலையாக அழைத்ததுபோல் அழைத்து, “நான் இன்னும் சாப்பிடல, வாப்பா, பேசிக்கிட்டே சாப்பிடலாம்” என்று உணவகத்துக்கு அழைத்துப் போங்கள். பேச்சு அங்கே தானாக வரும். அறிவுரை வேண்டாம், டோக்கன் பெட்டி எங்கே இருக்கிறது, உதவி மேசை எந்த நாளில் என்ற இரண்டு தகவல்கள் போதும். குடும்பத்தில் வன்முறையோ, படிப்பை நிறுத்தித் திருமணம் செய்துவைக்கும் நெருக்கடியோ தெரியவந்தால் அது உணவுக் குழுவின் எல்லைக்கு வெளியே உள்ளது. நம்பிக்கையான பெண் ஆசிரியர் ஒருவரோடு மாணவியை இணைத்து, 181 என்ற பெண்கள் உதவி எண்ணைக் கொடுங்கள்.

எட்டாம் படி: நாளும் நடத்துவது, கைமாற்றுவது

தினமும் ஒரு நோட்டில் நான்கே விவரங்கள்: எத்தனை பேர் சாப்பிட்டார்கள், எவ்வளவு செலவு, எவ்வளவு மீந்தது, என்ன குறை. பெயர்ப் பட்டியல் எங்கும் இருக்கக் கூடாது. தணிக்கைக்கும் டோக்கன் எண்களே போதுமானவை. மாதம் முடிந்ததும் வரவு செலவை அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். கணக்கு வெளிப்படையாக இருக்கும்வரை சந்தா குறையாது.

இளங்கலைப் படிப்பு மூன்று ஆண்டுகளில் முடிந்துவிடுவதால், ஓடியாடி வேலை செய்யும் மாணவர்கள் ஒவ்வொரு ஏப்ரலிலும் போய்விடுவார்கள். பல நல்ல முயற்சிகள் இந்த இடத்தில்தான் நின்றுபோகின்றன. இரண்டாமாண்டு மாணவர்கள் பொறுப்பில் இருக்க வேண்டும், மூன்றாமாண்டினர் ஆலோசகராக மட்டும் இருக்க வேண்டும், முதலாமாண்டினர் தொடக்கத்திலிருந்தே உடன் நின்று பழக வேண்டும் என்று விதி செய்யுங்கள். நாட்டு நலப்பணித் திட்டத் தொண்டர் ஒருவர் ஆண்டுக்கு 120 மணி நேரம் பணி செய்ய வேண்டியிருப்பதால், பரிமாறுதல், கொள்முதல், உதவி மேசை ஆகியவற்றை அந்த நேரத்தில் சேர்த்துக் கணக்கிட அலுவலரிடம் முன்கூட்டியே பேசிவிடலாம்.

ஒன்பதாம் படி: ஒரு பருவம் முடிந்ததும் அரசின் கதவைத் தட்டுங்கள்

ஒரு பருவத்துக்கு ஏறத்தாழ 90 வேலை நாட்கள். அவ்வளவு நாட்களின் நோட்டும், பெயரற்ற கணக்கெடுப்பின் எண்ணிக்கையும் உங்கள் கையில் இருந்தால், அது எந்த மனுவையும்விட வலுவானது. சந்தா கட்டி ஒரு கல்லூரியின் பசியை ஆசிரியர்கள் எத்தனை ஆண்டுகள் ஆற்ற முடியும்? இது அரசு ஏற்க வேண்டிய பொறுப்பு. பத்தாம் வகுப்போடு சத்துணவு நின்றுபோக வேண்டும் என்பதற்கு எந்த நியாயமும் இல்லை. கல்லூரிக் கல்வி இயக்ககத்துக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் கல்லூரி முதல்வர் வழியாக அறிக்கை அனுப்புங்கள். சாப்பிடும் கூடம், குடிநீர்ச் சுத்திகரிப்பு, சமையலறை போன்ற கட்டுமானங்களுக்குச் சட்டமன்ற உறுப்பினரின் தொகுதி மேம்பாட்டு நிதியைக் கேட்கலாம். சுய உதவிக் குழு நடத்தும் உணவகத்துக்கு வளாகத்தில் வாடகையின்றி இடம் ஒதுக்கி, அதற்கு ஈடாகக் குறைந்த விலையில் ஒரு சாப்பாட்டைக் கட்டாயமாக்கும் ஒப்பந்தம் போடலாம். வாடகை வருமானத்துக்காக அதிக ஏலம் கேட்பவருக்கு உணவகத்தைக் கொடுக்கும் வழக்கத்தை நிறுத்தினாலே, சாப்பாட்டு விலை இறங்கும்.

அடுத்த பருவத் தேர்வு அட்டவணை வெளியானதும் விடுதிக் காப்பாளரோடு உட்கார்ந்து, சமையலறை மூடும் நாளையும் கடைசித் தேர்வு நாளையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இடையில் விழும் ஒவ்வொரு நாளுக்கும் எத்தனை பேர், எந்தத் தேர்வு, காலையா மாலையா என்று எழுதி, அந்த நாட்களுக்கான அரிசியையும் டோக்கனையும் இப்போதே ஒதுக்கி வையுங்கள்.